மரியசூசை மாற்றிய முடிவு

"படம் பரவாயில்லை, முடிவுதான் சரியில்லை" என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? சொன்ன கையோடு தேநீரை உறிஞ்சிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பீர்கள். பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்திக்கு அந்த ஒரு வார்த்தை தீர்ப்பாகப் போயிருக்கலாம் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்ததுண்டா? சினிமாப் பேச்சுக்கு அவ்வளவு வலுவா என்று சிரிக்கிறவர்கள், தாராவி மரியசூசையின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

மரியசூசை ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு செம்மணல் தேரிக்காட்டு ஊரில் பிறந்தவன். பதினெட்டு வயதில் பம்பாய்க்கு ரயிலேறினான். தாராவியில் தோல் பதனிடும் ஒரு கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. இருபது வருடம் சுண்ணாம்பில் ஊறிய உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தக் கையைப் பற்றி அவனுக்கு எந்தப் பெருமையும் கிடையாது. பெருமையெல்லாம் நாக்கைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசை கண்டுவிட்டு, ஒன்பது மணி ஆட்டத்துக்கு மாட்டுங்காவுக்கு நடந்துவிடுவான். அங்கே ஒரு கொட்டகையில் ஞாயிறு காலைகளில் தமிழ்ப் படம் போடுவார்கள். அவன் தெருவிலிருந்து ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் போவார்கள். பெண்கள் போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் ஒன்பது மணிக்குத்தான் வரும், பதினொன்றுக்கு நின்றுவிடும், அவ்வளவுதான். பெண் படம் பார்க்கப் போனால் குடம் தானாக நடந்து போய் நிரம்பிக்கொண்டு வருமா? சட்டம் போட்டுத் தடுப்பதைவிடத் தண்ணீர் விட்டுத் தடுப்பது சுலபம்.

அதனால் பெண்களுக்குப் படம் என்றால் மரியசூசைதான். பன்னிரண்டரைக்கு அவன் திரும்பும்போது, பிடித்துவைத்த தண்ணீரோடு குழாயடிக் கல்மேடையில் துணிக்குச் சோப்புப் போட்டபடி அவர்கள் காத்திருப்பார்கள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆரம்பிப்பான். அடி, இடி, அழுகை, பாட்டு ஒன்றும் குறையாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி கட்டிய சேலைக்கு நிறம் சொல்லுவான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவை மாற்றும் பழக்கம் அவனுக்குத் தற்செயலாக வந்தது. ஒரு ஞாயிறு கடைசி ரீல் ஓடும்போது மின்சாரம் போய்விட்டது. அரை மணி நேரம் விசிலடித்துப் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. குழாயடியில் போய் 'முடிவு தெரியாது' என்று சொல்ல மரியசூசைக்கு நாக்கு எழவில்லை. கதாநாயகனின் தாயை மகன் மடியில் சாகடித்தான். பெண்கள் மூக்கைச் சிந்திய சிந்தலில் அன்று பலருடைய வீட்டில் குழம்பு தீய்ந்தது. மறுவாரம் வேறொருவன் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "அவ சாகல, மகனுக்குக் கல்யாணம் முடிச்சு வைக்கா" என்றான். குழாயடி வாயாடியான முப்பிடாதியம்மாள் அவனை ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டாள்: "போரும் வே. அண்ணாச்சி சொன்ன முடிவுதான் முடிவு."

அன்றிலிருந்து சப்பென்று முடிகிற படத்தையெல்லாம் மரியசூசை திருத்தத் தொடங்கினான். திருத்தம் என்றால் பெரும்பாலும் ஒன்றுதான். யாராவது ஒரு பெண்ணைச் சாகடிப்பான்.

அவனுடைய தங்கை சேசம்மாள் அவன் கோலியிலேயே, அந்த ஒற்றை அறையின் நடுவில் தொங்கிய சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கல்யாணமான பதினோராம் மாதம், துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் போய்விட்டான். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஐந்து வருடமாக வெள்ளைச் சேலை. மாட்டுங்காவில் அம்மிணியம்மாள் என்கிற பாலக்காட்டுக்காரர் வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்துப் பிழைத்தாள்.

மரியசூசைக்குப் பின்னால் தெரியவந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அதே தெருவில் அறை எடுத்திருந்த ஆபிரகாம், செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். பிரசவத்தில் மனைவியையும் பிள்ளையையும் சேர்த்து இழந்தவன். 1963 டிசம்பரில் ஒருநாள் கோயில் வாசலில் சேசம்மாளிடம் நேராகவே கேட்டான். "உனக்குச் சம்மதம்னா சொல்லு. ஒங்க அண்ணன்ட்ட நான் வந்து பேசுதேன்."

அவளுக்குச் சம்மதம்தான். ஆனாலும், "கொஞ்சம் பொறுங்க. அவன் மனசு எப்பிடின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

ஏன் பொறுக்கச் சொன்னாள்? விதவை மறுமணம் செய்யலாம் என்று இந்துக்களுக்குச் சட்டம் வந்தே நூறு வருடம் தாண்டிவிட்டது. இவர்களுடைய வேதத்திலோ அதற்குத் தடையே கிடையாது. ஆபிரகாமின் பக்கத்து அறைக்காரன், மனைவி செத்த மூன்றாம் மாதம் புதுப் பெண்ணோடு கோயிலுக்கு வந்தபோது எல்லாரும் கைகுலுக்கினார்கள். ஆனால் ஒரு தாலியறுத்தவள் தன் வாயால் 'எனக்குக் கல்யாணம் பண்ணி வை' என்று கேட்டால் ஊர் அதற்கு வைக்கிற பெயர் வேறு. கேட்டு, அண்ணன் முகம் சுளித்துவிட்டால், பிறகு அதே பத்துக்குப் பத்து அறையில் எப்படி இருப்பது? கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது.

வழியை அம்மிணியம்மாள்தான் அறியாமல் காட்டினார். ஜனவரியில் ஒரு புதுப் படம் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றிச் சமையலறையில் நின்றபடி ஒரு மணி நேரம் பேசினார். இளம் வயதில் தாலியறுத்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவளை விரும்பும் ஒரு டாக்டர். ஊர் எதிர்க்கிறது. கடைசியில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டு பஸ்ஸேறிப் போகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை சேசம்மாள் அண்ணனிடம் சொன்னாள். "அண்ணே, நாளைக்கு அந்த டீச்சர் படத்துக்குப் போ. நல்லாருக்காம். மாட்டுங்கா அம்மா சொன்னாவ."

"அதுல சண்ட உண்டுமா?"

"நீ போயிட்டு வந்து சொல்லு."

தங்கை இதுவரை எந்தப் படத்துக்கும் போ என்று சொன்னதில்லை. மரியசூசைக்குப் பெருமையாக இருந்தது. போனான்.

படம் அவனுக்குப் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது கூட்டாளிகளிடம், "பாட்டு பராபர், அழுக பராபர், ரெண்டும் சரியா இருக்கு. கடேசில ஒரு பஸ்ஸு போவுது. பஸ்ஸப் பாக்கதுக்கா வரிசையில நின்னோம்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி நடக்கும்போதே முடிவைத் திருத்திவிட்டான்.

மரியசூசை கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை, விதவைத் தங்கையை ஒரு நாளும் பாரம் என்று சொன்னதில்லை. இந்தக் கதையில் மோசமான சங்கதியே அதுதான். கெட்டவன் செய்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகப் போய்விடலாம்.

குழாயடியில் அன்று கூட்டம் அதிகம். சேசம்மாள் ஓரமாக உட்கார்ந்து ஒரு அலுமினியச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, டீச்சரு என்ன சேல கட்டிருந்தா, அத மொதல்ல சொல்லும்" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"தாலியறுத்தவல்லா? வெள்ளதான். ஆனா கனவுப் பாட்டுல மட்டும் கிளிப்பச்ச."

"ஊருக்கெல்லாம் கறுப்பு வெள்ள, உமக்கு மட்டும் கிளிப்பச்சயாக்கும்!"

"கண்ணு இருக்கணும் முப்பிடாதி, கண்ணு!"

அவன் மனைவி இருதயமேரி குழாயடியை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அந்தக் கண்ணுக்கு வீட்டுல மண்ணெண்ணெய் தீந்தது மட்டும் தெரியாது." மேடை முழுக்கச் சிரிப்பு.

கதை வளர்ந்தது. டாக்டர் கடிதம் எழுதினான், ஊர் கல்லெறிந்தது, டீச்சர் அழுதாள். ஒவ்வொரு இடத்திலும் சேசம்மாள் "பெறவு?" என்றாள். வழக்கமாக அவள் கேட்பதில்லை. தங்கை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாளே என்று மரியசூசை குரலை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"பெறவென்ன? கல்யாணத்தன்னைக்குக் காலைல டாக்டரு மாலையோட வந்து நிக்கான். கதவத் தட்டுதான். தொறக்கல. ஒடச்சுக்கிட்டுப் போயிப் பாத்தா, செத்த புருசன் போட்டாவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உசிரு போயிட்டு."

"அய்யோ" என்றார்கள் பெண்கள்.

சேசம்மாளின் கை சட்டிமேல் நின்றுவிட்டது. "நெசமாவா அண்ணே? செத்துட்டாளா?"

"நான் ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுதேன். அதாம்ட்டி மொற. அவ செத்தா, படம் நின்னுது. இல்லன்னா அவள எவ மதிப்பா?"

அந்தக் கடைசிப் பேச்சு கதையில் கூடக் கிடையாது. பெண்களின் 'அய்யோ' கேட்ட சூட்டில் வாயில் வந்தது. நரம்பில்லாத நாக்கு.

சேசம்மாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "நல்ல முடிவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு தவக்காலம் வந்தது, போனது. ஈஸ்டர் கழிந்த முதல் ஞாயிறு, நடக்கப்போகும் கல்யாணங்களை அறிவிக்கும் ஓலையைக் கோயிலில் வாசித்தார்கள். பூசை லத்தீனில் நடந்தாலும் ஓலை தமிழில்தான். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அன்று வந்த பெயர்களில் ஆபிரகாமும், காட்கோபரில் இருந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். "இவர்களுக்குள் யாதொரு விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்" என்று சாமியார் முடித்தார்.

வாசலில் மரியசூசை ஆபிரகாமின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "மாப்ளைக்குச் சந்தோசந்தான! சாப்பாடு உண்டும்லா?"

ஆபிரகாம் கையை மெல்ல உருவிக்கொண்டான். "நீரு வந்து வாழ்த்துததுதான் வேடிக்க."

"ஏன்? என்ன வே?"

"ஒம்ம தங்கச்சியக் கட்டித் தருவீரான்னு கேட்டேன். அண்ணனுக்கு இஷ்டமில்லன்னு தை மாசமே சொல்லிட்டா. வேண்டாம்னு சொன்னவரு நீருதான?"

"என்ட்ட யாரு கேட்டா?" என்றான் மரியசூசை. அதற்குள் ஆபிரகாம் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

சேசம்மாள் பூசை முடிந்ததும் நேரே மாட்டுங்காவுக்குப் போயிருந்தாள். அம்மிணியம்மாள் வீட்டில் அன்று விருந்தாளிகள். மரியசூசை ரயில் பாலத்தைத் தாண்டி அரை ஓட்டமாக அங்கே போனான். அந்தக் கட்டடத்தில் வேலைக்காரர்களுக்கென்று பின்புறம் தனி இரும்பு ஏணிப்படி உண்டு. அதில் ஏறி, சமையலறைக் கதவருகில் நின்றான்.

"யாரது? ஓ, சேசம்மாவோட அண்ணாவா? கதை சொல்றவன் நீதானே?" அம்மிணியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "உன்னைப் பத்தி இவ சொல்லாத நாளே கெடையாது கேட்டியோ. அந்த டீச்சர் படத்தை நான் வந்து இவகிட்ட ஆதியோடந்தமா சொன்னேன். ரெண்டு பேரும் பஸ்ஸேறிப் போறாளே, எனக்குன்னா அப்படியொரு சந்தோஷம்! 'எங்கண்ணன் இதப் பாக்கணும்மா, பாக்கணும்மா'ன்னு துடிச்சுண்டிருந்தா. பார்த்தியோ இல்லியோ? உனக்கு அந்த முடிவு பிடிச்சுதோ?"

மரியசூசைக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த முடிவு தங்கைக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும்.

சேசம்மாள் ஈரக் கையோடு வந்தாள். அம்மிணியம்மாளை உள்ளே யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, ஆபிரகாம் விசயத்த ஏன் என்ட்ட சொல்லல? கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லிருப்பேன்?"

"தெரியல. அது தெரியத்தான ஒன்னப் படத்துக்கு அனுப்புனேன்."

"அது சினிமாட்டி! அழ வைக்கணும்னு சும்மா சொன்னது."

"ஆமா, சும்மாதான் சொன்ன." அவள் குரலை உயர்த்தவில்லை. "தெரையில இருக்கவ ஒனக்கு யாரு? ஒனக்கு ஒட்டா ஒறவா? அவ பஸ்ஸேறிப் போனா ஒனக்கு என்ன நட்டம்? அவளையே நீ வாழ விடலயே அண்ணே. என்னைய விடுவியாக்கும்?"

இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த நாக்கு சும்மா கிடந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "போ, பாத்திரம் கெடக்கு" என்றாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. செம்பூரில் தொழிற்சாலை வாசலில் ஆபிரகாமுக்காகக் காத்திருந்து நடந்ததையெல்லாம் சொன்னான். ஓலை ஒன்றுதானே வாசித்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு இருக்கிறதே என்றான்.

ஆபிரகாம் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இப்பத் திரும்பிட்டேன்னா காட்கோபர்ப் பிள்ளைக்கு என்ன பதில்? பேரு கோயில்ல வாசிச்சாச்சு. ஓலை வாசிச்சு நின்னுபோன பொண்ணுன்னு ஊரு அவளுக்கு ஒரு கத கட்டும் வே. அவ என்ன பாவம் செஞ்சா?"

அது நியாயம். ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைப் பலிகொடு என்று கேட்க மரியசூசைக்கு வாயில்லை. கதை கட்டுவது எப்படி என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். 'விக்கினம் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்' என்ற வார்த்தை வந்தபோதெல்லாம் மரியசூசை தலையைக் குனிந்துகொண்டான். விக்கினம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவன்தான். அதை அறிவிப்பதற்குத்தான் கோயிலில் இடமில்லை.

அறிவிக்க அவன் முயலாமலும் இல்லை. மூன்றாம் ஓலை வாசித்த அன்று அவன் படத்துக்குப் போகவில்லை. குழாயடிக்கு வந்தான். "எல்லாரும் கேளுங்க. அந்த டீச்சரு சாகல. டாக்டரக் கட்டிக்கிட்டு நல்லாருக்கா. ரெண்டு பேரும் பஸ்ஸேறிப் போனாவ. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பிடாதியம்மாள் கையிலிருந்த துணியை ஓங்கிக் கல்லில் அறைந்தாள். "சும்மா கெடயும் அண்ணாச்சி. நீரு சொன்ன டீச்சர நெனச்சுப் பாத்தா அப்பிடியா தெரியுது? அவ மானஸ்தி. செத்துத்தான் போயிருப்பா."

"நான் சொல்லுதேன், அவ உசிரோட இருக்கா!"

"இருந்தா அது என்ன கத? போரும், போயி வேற படம் பாத்துட்டு வாரும்."

அவன் சொன்ன பொய்யை நம்பியவர்கள் அவன் சொன்ன உண்மையை நம்பவில்லை. இதில் அந்தப் பெண்களைக் குறை சொல்லி என்ன பயன்? வாரத்துக்கு ஒருத்தி வீதம் பத்து வருடமாக அவர்கள் காதில் பெண்களைச் சாகடித்துக்கொண்டே வந்தவன் அவன். கொட்டகையில் ஓடும் படங்களும் அவனுக்குச் சளைத்தவை அல்ல. தாலி போனவள் நல்லவளாக இருந்தால் சாக வேண்டும். பொண்டாட்டி போனவன் நல்லவனாக இருந்தால் அவனுக்குப் பெண் தேட வேண்டும். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, உயிரோடு பஸ்ஸேறிப் போகிற பெண் கட்டுக்கதையாகத்தானே தெரிவாள்?

இது நடந்து நான்கு வருடமாகிறது. ஆபிரகாமுக்கு இரண்டு குழந்தைகள். மரியசூசை தங்கைக்கு வேறு இடம் பார்க்க இரண்டு முறை முயன்றான். "வேண்டாம் அண்ணே, எனக்கு இப்பிடியே பழகிட்டு" என்றுவிட்டாள் சேசம்மாள். அவனோடு அவள் சண்டை போடவில்லை. சோறு பரிமாறுகிறாள், காய்ச்சலென்றால் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். சண்டை போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் இப்போது கதை சொல்வதில்லை. படத்துக்குப் போனவர்கள் அவனிடம் வந்து எப்படி என்று கேட்டால், "எனக்குத் தெரியாது" என்கிறான். தொட்டியில் தோலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காமல், "கேட்டிருக்கலாமே, நான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று முணுமுணுக்கிறான். அதுவரை ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தும், நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் அவன் கேட்டதே இல்லை என்பது அவனுக்கு அன்று அந்த இரும்புப் படியில்தான் உறைத்திருந்தது.

விதி என்று யாரும் இதற்குப் பெயர் வைக்க வேண்டாம். விதிக்கு வாயில்லை, இது வாயால் வந்தது. ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வருகிற ஞாயிறு காலை குடத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் குழாயடிக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருக்கும் தங்கையோ, மனைவியோ, மகளோ படத்துக்குப் போகட்டும். திரும்பி வந்ததும் படம் எப்படி என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாதீர்கள்.